கிளிஃபர்டின் தள்ளாட்டம்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் கிளிஃபர்டுக்குப் பிடித்த வார்த்தை ஒன்றுதான்: ரிஜெக்ட். டெலிபோன் ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து, எதிரே வந்ததையெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாகத் தள்ளியே ரிடயர் ஆனவர். ஃபேக்டரியை மூடினார்கள், சுளித்த முகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. புதுப் பாஸ்டரின் கிட்டார் ரிஜெக்ட். பக்கத்து ஃபிளாட்காரன் நாய்க்கு மாட்டிவிடும் ஸ்வெட்டர் ரிஜெக்ட். கொயரில் எல்லோரும் பாடி முடித்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும் எலனோர் ஆன்ட்டியின் குரல், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்படி ஊரையே ஒதுக்கிய மனிதர் ஒருத்திக்கு மட்டும் பயந்தார். மகள் சிந்து. அவள் கல்யாணத்தன்று காலையிலேயே அவர் முட்ட முட்டக் குடித்திருந்தார். சர்ச் வாசலில் வெள்ளைப் புடவையும் பூச்செண்டுமாக நின்ற பெண், உள்ளே அழைத்துப் போக அப்பா நீட்டிய கையைப் பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள், சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்துவிட்டாள். அன்றைக்கு விட்டார் குடியை. அப்புறம் இருமல் டானிக்கைக்கூட வாயில் வைத்ததில்லை. மனைவி இறந்த பிறகு சிந்துவும் மருமகனும் அவருடனேயே வந்து தங்கினார்கள். சர்ச்சிலும் மனசு இரங்கி, திருவிருந்தில் திராட்சை ரசக் கோப்பையைப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

ஆல்டர் பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிட்டிருப்பவர்களிடம் குனிந்து குனிந்து கோப்பையை நீட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எலனோர் ஆன்ட்டி முன்னால் குனிந்தாரோ இல்லையோ, சர்ச்சே புரண்டது. தூண், மெழுகுவர்த்தி, ஆன்ட்டியின் கொண்டை எல்லாம் ராட்டினம் மாதிரி சுற்றின. கோப்பை சாய்ந்து ஆன்ட்டியின் சந்தனக் கலர் பட்டுப் புடவை முழுக்கச் சிவப்பு. கிளிஃபர்ட் ஆல்டர் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அய்யய்யோ! மறுபடி குடிச்சிட்டு வந்திருக்காருப்பா!" என்று ஆன்ட்டி அலறினாள். பாடும்போது வராத அத்தனை ஸ்வரமும் அதில் வந்தது.

மிஞ்சிய ரசத்தைக் கொட்டக் கூடாது, கோப்பை பிடிப்பவரே குடித்து முடிக்க வேண்டும் என்பது அந்தச் சர்ச்சின் வழக்கம். "மிச்சத்தக் குடிச்சுக் குடிச்சே பழைய புத்தி திரும்பிடுச்சு" என்று ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அது வைன்கூட இல்லை! பெண்கள் சங்கத்து அக்காமார் அடுப்பில் கொதிக்கவைத்து இறக்கும் வெறும் திராட்சை ரசம். காய்ச்சிய அந்த அக்காமாரே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். த்தூ! மூளையைக் குடையோடு சேர்த்து வராந்தாவில் வைத்துவிட்டு உள்ளே வருகிற கூட்டம்.

பாஸ்டர் தோளில் கை போட்டார். "அங்கிள், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. உங்களுக்காகப் பிரேயர் பண்றோம்."

"உங்க கிட்டாருக்குப் பண்ணுங்க. ஸ்ருதியே சேரல" என்றார் கிளிஃபர்ட்.

ஊர் வாயை அவர் மதித்ததே இல்லை. ஆனால் மறுநாள் காலை காபியை வைக்க வந்த சிந்து, தேவைக்கு மேல் கொஞ்சம் குனிந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் புரண்டால் தலை சுற்றியது, மேல்தட்டு டப்பாவை எடுக்க அண்ணாந்தால் சுற்றியது. அவர் சுவரைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் மூக்கு பக்கத்தில் வந்து நின்றது. ஷூ வைக்கும் அலமாரியையும் ஸ்கூட்டர் டிக்கியையும் அவள் குடைந்து பார்த்திருப்பதும் தெரிந்தது.

"ஏதாவது சொல்லணுமா டாடி?"

"சொன்னா நம்புவியா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊரே காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தெருமுனை டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "வயசாச்சில்ல" என்று மாத்திரை எழுதினார். நாளெல்லாம் தூக்கம் வந்தது, சுற்றல் போகவில்லை. வயசாகிறதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர்! ரிஜெக்ட். அப்புறம் சிந்துவே எங்கோ விசாரித்து, கம்மனஹள்ளியில் ஒரு கைரோபிராக்டர் இருப்பதாகச் சொன்னாள். எலும்பு மூட்டுகளைக் கையாலேயே சரி செய்கிறவர்களாம்.

"கழுத்துல பிரச்சினையா இருந்தா அங்க தெரிஞ்சிடும் டாடி."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி... பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' எதற்கு என்று அவருக்குத் தெரியும். கழுத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால், குடிதான் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

கிளினிக்கைப் பார்த்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கியது. சுவரில் இருந்த டிவியில் ஒரு வெள்ளைக்காரன் யார் கழுத்தையோ மடக்கென்று திருக, காத்திருந்த ஐ.டி. பையன்கள் வாயைப் பிளந்து ரசித்தார்கள்.

"சிவாஜி நகர் கோழிக்கடையில இத சும்மாவே பண்ணுவான்" என்றார் சத்தமாக.

"டாடி, ப்ளீஸ்!"

டாக்டர் ஸ்னேஹா கன்னடத்துப் பெண். சிந்துவைவிடச் சின்னவள், காலில் விளையாட்டு ஷூ. பார்த்த மாத்திரத்தில் ரிஜெக்ட்.

"எப்பெப்ப சுத்துது சாரு?"

"உன்ன மாதிரி ஆளுங்களப் பார்க்கறப்பல்லாம்."

அவள் கோபிக்கவில்லை, சிரித்தாள். "குனிஞ்சா, புரண்டு படுத்தா சுத்துமா? கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுமா?"

கிளிஃபர்ட் தலையாட்டினார். நிற்கும். இத்தனை பேர் இத்தனை பேசினார்களே, ஒரு ஜென்மமாவது இதைக் கேட்டதா? அவள் கையைத் தூக்கச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள், நேராக நடக்கச் சொன்னாள்.

"கழுத்தத் திருகலையா?"

"கழுத்து நல்லாதான் இருக்கு சாரு. தொட மாட்டேன். இது காது மாதிரி தெரியுது."

"காதுக்கு முதுகெலும்பு டாக்டரா? நல்ல கூத்து!"

அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தாள். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. கூரை பிய்த்துக்கொண்டு சுழன்றது. "ஏசப்பா!" என்று கத்திவிட்டார்.

"கண்ண மூடாதீங்க! மேடம், இங்க வந்து அவர் கண்ணப் பாருங்க."

சிந்து குனிந்தாள். அவள் குனிவது அவருக்குப் பழக்கம்தான். இந்த முறை மூக்குச் சுருங்கவில்லை. அவருடைய கருவிழிகள் அவர் பேச்சைக் கேட்காமல் வெடுக்கு வெடுக்கென்று ஒரே பக்கமாகத் துடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் துடிப்பு தானாக அடங்கியது.

"டாக்டர்..." அவள் குரல் இறங்கியது. "குடிச்சா இப்படி ஆகாதா?"

"அது வேற மாதிரி இருக்கும் மேடம். இப்படி ஒரு பக்கம் மட்டும் வந்து உடனே நிக்காது. காதுக்குள்ள பொடிப்பொடியா சுண்ணாம்புக் கல்லு உண்டு. அது இடம் மாறி வேற குழாய்க்குள்ள போயிடுச்சு. தலைய சாய்ச்சா அது உருளும். மூளை ஆளே சுத்துறதா நெனச்சிக்கும்."

தலையை மெல்ல மெல்லத் திருப்பி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிறகு எழுப்பி உட்காரவைத்தாள். கல்லை அதன் இடத்துக்கே உருட்டிவிடுகிற வித்தை அது. நடுவில் அவர் நெற்றியில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. சிந்துதான்.

"மூக்க நம்பினது போதும்" என்று சொல்ல நினைத்தார். நெற்றியை மட்டும் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை போய் வந்ததும் சுற்றல் நின்றது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சர்ச்சுக்குள் போனார். அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் கிட்டாரைக் கீழே வைத்தார்.

"கிளிஃபர்ட் அங்கிள் குடிங்கற பழைய கட்டுலேர்ந்து விடுதலையாகி இன்னைக்கு நேரா நடந்து வந்திருக்கார். நம்ம ஜெபத்துக்குக் கிடைச்ச பதில் இது!"

"அல்லேலூயா!" எலனோர் ஆன்ட்டிதான் முதலில்.

அட முட்டாள் கழுதைகளா! கிளிஃபர்ட் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் சிந்து எழுந்துவிட்டாள்.

"எங்க டாடி குடிக்கல. அவர் காதுக்குள்ள கல்லு இடம் மாறியிருந்துச்சு. டாக்டர் சரி பண்ணாங்க. நீங்கல்லாம் வாய்க்கு வந்தபடி..." அப்பா பக்கம் திரும்பினாள். "நானும்தான். தினமும் மோந்து பார்த்தேன்."

பாஸ்டர் சமாளித்தார். "பரவாயில்ல சிஸ்டர், எப்படியோ சுகம் கிடைச்சதே..."

சிந்து பெஞ்சை விட்டு வெளியே வந்து, நடுப்பாதையில் நின்று கையை நீட்டினாள். "வாங்க டாடி. போலாம்."

கிளிஃபர்ட் அந்தக் கையைப் பார்த்தார். எழுந்து, அதைக் கோத்துக்கொண்டார். இருவரும் நடுப்பாதையில் வாசலை நோக்கி நடந்தார்கள். கல்யாணப் பெண் வரும்போது திரும்புகிற மாதிரி இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஏற்ற வசவு அவரிடம் தயாராக இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வாசலில் கால் லேசாக இடறியது.

"சுத்துதா டாடி?"

"இல்ல" என்றார். "கைய மட்டும் விடாத."