பொந்தில் வைத்த ரொட்டி

தேயிலை விலை விழுந்து, தோட்டத்துத் துரை ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. இலங்கை மலையகத்தில், றொசல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகும்போது, மழையில் நனையாமலிருக்க என் ரொட்டியை ஒரு வாகை மரப் பொந்தில் வைப்பேன். ஒருநாள் கையை விட்டதும் நெருப்புப் பட்டதுபோல் சுரீரென்றது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. அதன் பின்னால் குஞ்சுகள் மொய்த்துக் கிடந்தன.

மாலைக்குள் கை வீங்கி, உடம்பெல்லாம் இழுத்துப் பிடித்தது. அதைவிடக் கொடுமை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சொன்னதுதான்.

"பால் குடுத்துறாத புள்ள. பாலுல வெசம் கலந்திருக்கும்."

கஞ்சித் தண்ணீரை என் கைக்குழந்தை துப்பிவிட்டான். மறுநாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். பால் கட்டி மார் வலிக்க, பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்து சுவரோரம் ஒண்டிக்கிடந்தேன்.

அப்போதுதான் பலாக்காய் விற்க வந்த சிங்களப் பெண் மெனிக்கே எட்டிப் பார்த்தாள். அவளும் பிள்ளைக்காரி. கூடையை இறக்கினாள், யாரையும் கேட்காமல் அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

"திவிமகுளுவாதானே கடிச்சது?" என்றாள் அரைகுறைத் தமிழில். "அந்தச் செலந்தி ராவைக்குக் கரப்பான் புடிச்சு குட்டிக்குக் குடுக்கிறது. ஒன் ரொட்டிக்குக் கரப்பான் வந்தது. கரப்பானுக்கு அது வந்தது."

என் புருஷன் பொந்தைக் கொளுத்தப் பந்தத்தோடு கிளம்பினார்.

"வேணாங்க" என்றேன்.

"ஏன்டி?"

வீங்கிய கையால் மகனைக் காட்டினேன். மெனிக்கேயின் மடியில் என் மகன் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.