களனி ஆறு போட்ட உப்பு

என் கணவருக்குப் பிரஷர் ஏறிவிட்டது. உப்பை அடியோடு நிறுத்தாவிட்டால் கை கால் இழுத்துப் பாரிசவாதத்தில்தான் போய் நிற்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அன்றைக்கே உப்புப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கொழும்புக் கொட்டாஞ்சேனையிலேயே இப்படி ஒரு கொடுமைக்காரி இல்லை என்று அவர் சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

மாசி வெயில் ஏறியதும் முணுமுணுப்பு நின்றது.

"இப்பதான் கறி கறியா இருக்கு" என்று இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எனக்குச் சந்தேகம் பிடித்தது. சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைக்கமாட்டேன், அதனால் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. சாப்பிடும்போதோ உப்பில் ஊறிய மோர்மிளகாய் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே கறியை விட்டுவிட்டு அவருடைய சட்டைப் பைகளில் உப்பைத் தேடினேன்.

அடுத்த முறை கிளினிக்கில் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் முன்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டோம்.

"உண்மையைச் சொல்லுங்கோ, உப்பை எங்கை ஒளிச்சு வச்சிருக்கிறியள்?" என்றேன்.

"நீர்தான் பாவம் பாத்துப் போடுறீர் எண்டு நினைச்சு, வாயைத் திறக்காமல் இருந்தனான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "குழாய்த் தண்ணியைக் குடிச்சுப் பாத்தனீங்களா?"

நாங்கள் குடிப்பது போத்தல் தண்ணீர்; குழாய்த் தண்ணீர் சமையலுக்கு மட்டும்தான். விஷயம் இதுதான். மலையில் மழையில்லை. வருகிற கொஞ்ச நீரையும் மின்சாரத்துக்கென்று அணைகள் பிடித்துவைக்கின்றன. கீழே மணல் அள்ளி அள்ளிக் களனியின் அடி கடல் மட்டத்தை விடப் பள்ளமாகிவிட்டது. ஆறு மெலிந்தால் கடல் உள்ளே ஏறி, கொழும்புக்குத் தண்ணீர் எடுக்கிற இடம் வரை வந்துவிடுகிறது. எங்கள் மேல்மாடி கட்ட ஆற்று மணல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர். வீடு திரும்பும் பஸ்ஸில் அதைச் சொல்லிக்காட்டாமல் வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதன் பிறகு சமையலுக்கும் போத்தல் தண்ணீர்தான். அவர் சத்தமில்லாமல் சாப்பிட்டார். பயந்துபோயிருந்தார்.

வைகாசியில் மலையில் மழை கொட்டி, ஆறு செம்மண் நிறத்தில் நிரம்பி ஓடிய நாட்களில் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். பிரஷர் இறங்கியிருந்தது. அன்று மத்தியானமே அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"இதென்ன, மனுசர் தின்னுற சாப்பாடோ?"

நான் குசினிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.