கிழக்கு எல்லை: நாங்கள்

எங்கள் காணிக்குத் தெற்கே வண்டி போகும் ஒழுங்கை, வடக்கிலும் மேற்கிலும் அயலவர்கள், கிழக்கே பலாலி விமான நிலையம். ஆனால் எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் விமான நிலையம் என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. அம்மா எழுத விடவில்லை. இந்த வருடம் நானும் விடவில்லை.

காணிக்குப் பெயர் இலந்தையடைப்பு. அம்மாவின் தகப்பனார் காலத்தில் அது பதினைந்து பரப்புச் செம்மண். புகையிலையும் வெங்காயமும் வைத்திருக்கிறார். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரருக்கு விமானம் இறக்க இடம் தேவைப்பட்டது. பன்னிரண்டு பரப்புப் போனது. மூன்று பரப்பும் கிணறும் எங்களிடம் நின்றன. யுத்தம் முடிய வெள்ளைக்காரர் எழும்பிப் போனார்கள். ஓடுபாதை சும்மா கிடந்தது. ஆடு மேய்ந்தது. ஊர்ப் பெண்கள் அதில் ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயப்போட்டார்கள். தார் சூட்டில் இரண்டே நாளில் காய்ந்துவிடும் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார்.

அந்த நாட்களில்தான் எங்களிடம் நின்ற மூன்று பரப்பையும் அம்மாவுக்குச் சீதனமாக எழுதி உறுதி முடித்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லையை அயல்காணிச் சொந்தக்காரர் பெயரால்தான் எழுதுவது. கிழக்கில் யார் என்று உறுதி எழுதிய நொத்தாரிசு கேட்டாராம். அம்மாவின் தகப்பனார் தன் பெயரையே சொன்னாராம். நொத்தாரிசு சிரித்துவிட்டு அப்படியே எழுதிவிட்டார்.

பிறகு ஓடுபாதைக்கு மறுபடி உயிர் வந்தது. கொழும்புக்கும் திருச்சிக்கும் சின்ன விமானங்கள் பறந்தன. நான் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டே அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள். பாத்தி உடைந்து தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போனதும் அதனால்தான், அடி வாங்கியதும் அதனால்தான். என் கலியாணத்துக்குள் அந்த விமானங்களும் நின்றுவிட்டன.

எனக்கு உறுதி முடித்தபோது நான் சேலை மடிப்பைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன். வேறு நொத்தாரிசு, கொஞ்சம் கறாரானவர். கிழக்கை மாற்ற வேண்டும் என்றார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளைக்காரன் வந்தான், போயிட்டான். பிளேன் வந்துது, அதுவும் போயிட்டுது. இனி ஆர் வந்தாலும் போவினம். அவை போனாப் பிறகு கிழக்கிலை ஆர் ஐயா? நாங்கள்தானே. உள்ளதை எழுதுங்கோ."

அவர் எழுதினார்.

தொண்ணூறாம் ஆண்டில் நாங்கள்தான் போனோம். ஷெல் விழ விழ ஓடியபோது உலைப்பானை எடுக்கவில்லை, உடுபுடவை எடுக்கவில்லை. உறுதியை ஒரு சொப்பிங் பையில் சுற்றி எடுத்தேன். சண்டிலிப்பாயில் யாரோ ஒருவரின் விறாந்தை, கரவெட்டியில் ஒரு பள்ளிக்கூடம், உடுப்பிட்டியில் வாடகை வீடு. எங்கள் கிணற்றடியை இராணுவம் முட்கம்பிக்குள் வைத்திருந்தது. கிளறிச் சொன்னால் வயிறு எரியும். சொல்லாவிட்டாலும் எரிகிறது.

சில வருடங்களுக்கு முன் வேலியைக் கொஞ்சம் பின்னே தள்ளினார்கள். எங்கள் மூன்று பரப்பு வெளியே வந்தது. வீடு இல்லை, அத்திவாரம் இருந்தது. கிணற்றைத் தூர்வாரி வெங்காயம் வைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இப்போது சென்னை விமானம் இறங்குகிறது. கிராம அலுவலர் வந்து, "மிச்சக் காணியாவது கிடைச்சுதே, சந்தோசப்படுங்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தது என்பதும் பொய். கொடுக்கவில்லை.

என் மகள் சென்னையில் வேலை செய்கிறாள். இந்த மூன்று பரப்பை அவள் பெயருக்கு மாற்றுவதற்காக ஐந்து நாள் லீவில் வந்தாள். பலாலியில் விமானத்தால் இறங்கியதும் போன் எடுத்தாள்.

"அம்மா, எங்கடை காணியிலைதான் நிக்கிறன். படம் எடுக்க வேண்டாமெண்டு ஒருத்தர் சத்தம் போடுறார்."

அடுத்த நாள் நொத்தாரிசிடம் போனோம். இப்போது இருப்பவர் ஒரு இளம் பெண், நல்ல பிள்ளை. பழைய உறுதியையும் நில அளவையாளர் கீறிய புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அன்ரி, சேவையரின்ரை பிளானிலை கிழக்கு விமான நிலையம் எண்டு கிடக்கு. நான் உங்கடை அம்மாவின்ரை அப்பாவைப் போட்டா பதிவுக் கந்தோரிலை திருப்பி அனுப்புவினம். செத்துப்போனவரைக் கொண்டுபோய் எல்லையிலை நிறுத்தேலாது."

"அவர் நிக்கிறார் பிள்ளை. உயிரோடை இருக்கிறவைதான் வாறதும் போறதும்."

மகள் என் கையைப் பிடித்தாள். "விடுங்கோ அம்மா. நான் வெள்ளிக்கிழமை போகவேணும். ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்கு நான் கையெழுத்து வைத்தால், அந்தப் பன்னிரண்டு பரப்பையும் கேட்டு நாளைக்கு இவள் ஒரு கந்தோர் வாசலில் நிற்கும்போது, "உங்கள் அம்மாவே விமான நிலையம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறாவே" என்பார்கள். துவக்கோடு வந்தவர்களால் எடுக்க முடியாததை நான் பேனையால் கொடுப்பதா? இதையேதான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"உறுதி முடியாட்டியும் பரவாயில்லை. வெறுங்கையோடை போகட்டும். நான் அதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று எழும்பிவிட்டேன். மகளின் முகம் சுருங்கியது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அவளுக்கு அடுத்த லீவு எப்போதோ.

"இருங்கோ அன்ரி," என்றாள் நொத்தாரிசுப் பெண். "பொய்யும் இல்லாமல், பிளானுக்கு மாறாகவும் இல்லாமல் எழுதினாச் சரிதானே?" பழைய உறுதியை இன்னொருமுறை வாசித்தாள். நகத்தைக் கடித்தாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பி எதையோ அழித்து எதையோ அடித்தாள்.

கையெழுத்துக்கு முன் உறுதியை வாசித்துக் காட்ட வேண்டும். சாட்சிகள் இருவரும் வந்து உட்கார, அவள் நின்றபடி வாசித்தாள்.

"கிழக்கு: தற்போது விமான ஓடுபாதையாகப் பாவிக்கப்படும், இலந்தையடைப்பு என்னும் இதே காணியின் மிச்சம்."

அந்த வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தாமல், இவ்வெல்லைகளுக்குள் அடங்கிய நிலம், கிணறு, வான்பயிர், செய்பயிர் முழுவதும் என்று வழமையான வாசகத்துக்குப் போய்விட்டாள். வான்பயிர் என்றால் பனை, தென்னை, மா. எங்கள் மூன்று பரப்பில் ஒன்றுகூட நிற்கவில்லை. இனித்தான் வைக்க வேண்டும்.

நான் கையெழுத்து வைத்தேன். மகள் பேனையை வாங்கிக்கொண்டு அந்த வரியில் விரலை வைத்தாள்.

"மிச்சம் எண்டு போட்டிருக்கே. எது அம்மா மிச்சம், வெங்காயம் வைச்சிருக்கிற துண்டோ?"

"இல்லை," என்றேன். "பிளேன் நிக்கிற துண்டு."