எல்லா வயதினருக்கும், அப்பாவைத் தவிர

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் ஆண்டிறுதி விடுமுறை நிகழ்ச்சிகளுக்குப் பதிவு நடக்கிறது. வாசலிலேயே பெரிய பதாகை: "எல்லா வயதினருக்கும்."

லோரி ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அப்பா வீட்டை விட்டு வெளியே போவதே அபூர்வம். இன்று காலை அவராகவே கேட்டார். "அங்க வாட்டர்கலர் கிளாஸ் இருக்காம்மா, சேத்து விடுறியா?"

மனசு மாறுவதற்குள் காரை எடுத்தேன்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அன்பாகத்தான் விளக்கினார். ஓவியம் சனிக்கிழமை தொடங்குகிறது, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை. இளைஞர்களுக்குக் கணினி. மூத்தவர்களுக்கு இரத்த அழுத்தப் பரிசோதனை.

"எனக்குப் பிரஷர் இல்லயே," என்றார் அப்பா மலாயில்.

"பார்த்தால்தானே தெரியும், பாக்சிக்," என்று பெரியவரை அழைக்கும் மரியாதையோடு சொன்னார் அந்தப் பெண்.

அவருக்குப் படம் வரையத்தான் ஆசை என்று நான் மூச்சுவிடாமல் வாதாடினேன். கடைசியில் அந்தப் பெண் கொஞ்சம் இறங்கி வந்தார். பிள்ளையை அழைத்து வரும் பெரியவர், கூடவே உட்கார்ந்து வரையலாமாம்.

அப்பா உடனே என்னைக் காட்டினார். "இதோ, என் பிள்ளை."

எனக்கு முப்பத்தாறு வயது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு வரைதான்," என்றார்.

"விடும்மா, வீட்டுக்குப் போலாம்," என்று அப்பா காருக்கு நடந்துவிட்டார்.

ஆகவே நண்பர்களே, சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். வண்ணமும் தூரிகையும் நான் வாங்கித் தருகிறேன். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.