ஐந்தாம் நிலையில் ஒரு நாதஸ்வரம்

நாதஸ்வரச் சத்தம் காதில் விழுந்தால் ஆண்டவர் சிலுவைப்பாதையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார் என்று இந்த வருடம் நான் மனதார நம்பினேன்.

சிரிக்காதீர்கள். பிரஷர் குளிசை போடுகிற வயதில் மனிதன் எதையும் நம்புவான்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் பெரிய வெள்ளி காலையில் சிலுவைப்பாதை ஒழுங்கைகள் வழியாகப் போகும். பாரமான மரச்சிலுவை. ஆளுக்கு ஆள் மாறித் தூக்குவோம். இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினாலு நிலைகளாக்கி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வீட்டு வாசலில் நின்று செபிப்போம். எந்த நிலை எந்த வீட்டில் என்பது பரம்பரை உரிமை… காணி உறுதிப் பத்திரத்தை விட இறுக்கமானது.

ஐந்தாம் நிலை வீட்டுக்காரர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இப்போது அங்கே வாடகைக்கு இருப்பவர் அளவெட்டி நடராசா அண்ணை. சைவக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. மனைவியை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் டவுனுக்குக் கிட்ட வந்துவிட்டார். தோட்டம் மட்டும் இன்னும் அளவெட்டியில். விடியவே மோட்டார் சைக்கிளில் போய் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவார்.

பங்குச்சபைக் கூட்டத்தில் செயலாளர் மரியதாஸ் மாஸ்டர் எழும்பினார்.

"ஐஞ்சாம் நிலையைப் பக்கத்து வீட்டுக்கு மாத்துவம். அவை எங்கடை ஆக்கள் இல்லைத்தானே. அவைக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல்."

எல்லோரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன். ஃபாதர் மட்டும் ஆட்டவில்லை. "அவரோடை ஒருக்காக் கதைச்சுப்போட்டு முடிவெடுங்கோ" என்றார்.

யார் போவது? எல்லாக் கண்களும் என் பக்கம். பேப்பரில் எழுதுகிறவன் பாருங்கள் — நோகாமல் சொல்லுவானாம்!

போனேன். கேற்றைத் தட்ட முதலே நடராசா அண்ணை வந்துவிட்டார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. நானே உங்களைத் தேடி வர இருந்தனான். உங்கடை சாமி எங்கடை வாசலிலை நிண்டுதான் போறதாமே? கேள்விப்பட்ட நாளிலையிருந்து இவவுக்கு அதே கதைதான். ஒரு கோயிலுக்கும் போக ஏலாமல் கிடக்கிறா. சாமி தானா வாசலுக்கு வருதெண்டால்…"

முன் அறையின் ஜன்னலோரம் கட்டில். அங்கிருந்து ஒரு குரல்: "ஒழுங்கெல்லாம் செய்தாச்செண்டு தம்பிக்குச் சொல்லுங்கோ!"

"ஓமோம். மேளம் பிடிச்சிருக்கிறன்."

"மேளமோ?"

"என்ரை மச்சான்தான் நாதஸ்வரம். தவில் ரண்டு. வாழை கட்டி, நிறைகுடம் வைச்சு… சாமி வாசலுக்கு வரேக்கை சும்மா விடேலுமே?"

எனக்குத் தலை சுற்றியது. பெரிய வெள்ளியில் நாங்கள் கோயில் மணியைக்கூட அடிப்பதில்லை. பாட்டென்றால் அழுகிற பாட்டுத்தான். அதற்குள் அளவெட்டி நாதஸ்வரமும் தவில் இரண்டுமா? மரியதாஸ் மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் நானும் விழுந்து கிடந்தேன்.

நான் சொல்லவேண்டியது இரண்டே விசயம். மேளம் வேண்டாம். சாமி வராது.

இரண்டையும் சொல்லத் தைரியம் வருமா? வரவில்லை. ஆகவே மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன் — பிரசங்கம்!

"தவக்காலம் எண்டால் என்னெண்டால் அண்ணை…" என்று தொடங்கினேன். ஆதாமிலிருந்து பிடித்தேன். பாவம், பலி, மீட்பு, பழைய ஏற்பாடு, பூசை உடுப்புக்கு ஊதா நிறம் ஏன், மணி ஏன் அடிப்பதில்லை… தேத்தண்ணி ஆறியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உண்மையைச் சொல்லவேண்டி வந்துவிடுமே!

ஸ்கான் ரிப்போர்ட்டை டொக்டர் வாசிக்கும்போது கேட்கிற மாதிரி நடராசா அண்ணை பவ்வியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நீங்கள் சொல்லுறது எனக்குக் கனக்க விளங்கேல்லை. ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. உங்கடை சாமி எங்கடை வாசலிலை நிக்கிறதுக்கு நாங்கள் என்ன செய்யவேணும்?"

வாயைத் திறந்தேன். ஒரு நீளப் பட்டியல் வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். சின்ன வயதிலிருந்து மறைக்கல்வி வகுப்பு, தியானம், கருத்தரங்கு எல்லாம் போனவன் அல்லவா? எல்லாவற்றையும் ஒருதரம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை, அண்ணை."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை."

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அக்கா கேட்டா:

"அப்ப நான் இப்பிடியே கிடக்கலாமோ தம்பி? எழும்பி முழுகவும் ஏலாது. முழுகாமல் சாமியைப் பாக்கிறதெண்டு எனக்கு ஒரே யோசினை."

மேளம் பிடித்த சந்தோசத்துக்கு அடியில் இப்படி ஒரு பயம் கிடந்திருக்கிறது. என் ஊதா நிறம் எங்கே, அந்த மனுசியின் கவலை எங்கே!

"கிடக்கலாம் அக்கா. அவர் உங்களைப் பாத்துக்கொண்டு போவார்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வரமாட்டார் என்று சொல்ல அனுப்பப்பட்டவன், வருவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்!

இனிப் பயப்பட என்ன மிச்சம்? மேள விசயத்தையும் சொல்லிவிட்டேன். "அண்டைக்கு அவரைக் கொல்லக் கொண்டுபோகினம், அண்ணை. அதாலை மேளம்…"

"அட! சாவுக்குப் போறாரெண்டு முதலே சொல்லுறதுக்கென்ன? இதுக்கோ உவ்வளவு நேரம் சுத்தினனீங்கள்!" என்றவர் அந்த இடத்திலேயே மச்சானுக்குப் போன் எடுத்தார். "டேய், மேளம் வேண்டாம். நீ மட்டும் வா. அழுற வீட்டுக்கு வாற மாதிரி வா."

அவ்வளவுதான். முடிந்தது.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். "உங்களுக்கு விளங்கினால்தானே மற்றவைக்கு விளங்கப்படுத்த" என்றாள், மீனைக் கழுவிக்கொண்டே.

அவள் சொன்னதிலும் விசயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீடு கட்ட முதல் மதிலைக் கட்டுகிற ஆட்கள். நற்செய்திக்கும் அதையே செய்திருக்கிறோம். பிறகு வருகிறவர்களுக்கு அந்த மதிலை விளங்கப்படுத்தியே களைத்துப்போய்விடுகிறோம். உள்ளே இருப்பவரோ, யாரையும் வாசலில் நிறுத்தி விசாரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழும்பினேன்.

"அவைக்குக் கரைச்சல் இல்லையாம், மாஸ்டர்."

"எங்களுக்கு?"

"எங்களுக்கு என்ன கரைச்சல்?"

மாஸ்டர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர், "அப்ப பழைய வாசல்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். நான் ஒரு கிழமையாகப் பயந்த யுத்தம் அரை நிமிசத்தில் முடிந்துவிட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பெரிய வெள்ளி வந்தது.

ஐந்தாம் நிலை வாசலில் வாழையும் இல்லை, நிறைகுடமும் இல்லை. கூட்டிய முற்றம், விரியத் திறந்த கேற். ஜன்னலில் தலையணைகளுக்கு மேல் அக்காவின் முகம். கேற்றடியில் மச்சான் — நாதஸ்வரம் இல்லாத கைகளைக் கட்டிக்கொண்டு. நடராசா அண்ணையைத்தான் காணவில்லை.

மரியதாஸ் மாஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். வருடா வருடம் கேட்பதுதானே. இயேசு இனித் தூக்க ஏலாமல் தள்ளாடுகிறார். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்கிற வெளியூர்க்காரனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைக்கிறார்கள்…

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்திலிருந்து. சனம் விலகி வழிவிட, நடராசா அண்ணை கூச்சத்தோடு தன் வாசலுக்கு நடந்து வந்தார்.

மாஸ்டரின் வாசிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார்.

அடுத்துச் சிலுவையைத் தூக்கும் முறை மாஸ்டருடையது.

"அண்ணை," என்றார். "ஒருக்காப் பிடிக்கிறியளோ?"

"காலெல்லாம் செம்பாட்டு மண், மாஸ்டர். கழுவிப்போட்டு வரட்டோ?"

"தேவையில்லை."

ஐந்தாம் நிலையிலிருந்து ஆறாம் நிலை வரைக்கும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனவர் அளவெட்டி நடராசா அண்ணை.