இருமல் அக்காவின் நாற்காலி

எங்கள் ஓவியக்கூடத்தில் அவரை எல்லோரும் இருமல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். வேலைக்காகத்தான் இருமுவார்.

கடைசியிலுள்ள வட்ட அறையில் அவருக்குக் காவல். அங்கே ஒரே ஒரு பெரிய ஓவியம். ஜன்னலோரம் இரண்டு பெண்கள் தலையோடு தலை சேர்த்து ரகசியம் பேசுகிறார்கள். கதவுக்குப் பின்னால் வேலைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்கிறாள். அறையின் கூரை கவிழ்த்த சட்டி போல வளைந்தது. ஓவியத்தின் முன்னால் நின்று குசுகுசுத்தால், எதிர்ச் சுவரோரம் அக்காவின் நாற்காலியில் அட்சரம் பிசகாமல் கேட்கும். அந்தப் படத்தைப் பார்த்ததும் ஜனங்களுக்கு என்ன வருமோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொந்த வீட்டுக் கதையை அவிழ்ப்பார்கள். பேச்சு அந்தரங்கமாகப் போனால் அக்கா கணீரென்று ஓர் இருமல் இருமுவார். அவர்கள் திடுக்கிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"ஊர்வம்பு எனக்கெதுக்கு?" என்பார். எனக்கோ டிக்கெட் கவுண்டரை விட்டுவிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடலாம் போலிருக்கும்.

கணவருக்குத் திடீரென்று நெஞ்சு வலி வந்த அன்றும் அக்கா அந்த நாற்காலியில்தான் இருந்தார். வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அப்பா போற நேரத்துல நான் பக்கத்துல இல்லன்னு அவளுக்குக் கோபம். நியாயம்தானே?" என்று ஒருநாள் என்னிடம் அழுதார்.

போன மாதம் ஒரு மத்தியானம் அந்த மகள் வந்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே வட்ட அறைக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அக்காவே எனக்குச் சொன்னார்.

அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓவியத்தின் முன்னால் நின்றாளாம். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் அதே இடத்தில் நின்று, "அம்மா, பசிக்குது" என்று முணுமுணுப்பாள். அக்கா உட்கார்ந்தபடியே, "பையில பிஸ்கட் இருக்கு" என்று முணுமுணுப்பார். அந்த அறையின் சங்கதி அவளுக்கா தெரியாது? இப்போதும் படத்தைப் பார்த்தபடியே முணுமுணுத்தாளாம்.

"அன்னிக்கு உனக்கு போன் பண்ணப் போனேன்மா. அப்பாதான் வேணாம்னாரு. 'பதறிப்போய் ஓடி வருவா, வேலை முடிச்சே வரட்டும்'னாரு. நானும் போனை வச்சிட்டேன். பண்ணியிருந்தா நீ அவரைப் பாத்திருப்ப. உன் மூஞ்சியப் பாத்து இதைச் சொல்ல எனக்கு தைரியமே வரல."

அக்கா தன்னையறியாமல் செருமினார்.

"இருமாதம்மா. உனக்குத்தான் சொல்றேன்."

கோபம் என்று நினைத்திருந்தது இதையா! பெண் இத்தனை நாளும் தனியாகக் கிடந்து வெந்திருக்கிறாளே! அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அவரு பேச்சை நான் மட்டும் என்னிக்குடி தட்டியிருக்கேன்? பையில பிஸ்கட் இருக்கு. வா."

வெகுநேரமாக மகளைக் காணோமே என்று நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் அந்த ஒற்றை நாற்காலியில் ஒண்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று ஓர் இருமல் இருமிவிட்டு, கவுண்டருக்குத் திரும்பிவிட்டேன்.