குரோம்பேட்டையில் ஒரு கிண்ணம் தண்ணீர்

ரங்கூனிலிருந்து கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய அன்று ஆளாளுக்கு எங்களிடம் ஒன்றையே சொன்னார்கள்: "சொந்த நாட்டுக்கு வந்துட்டீங்க, இனிமே என்ன கவலை!" பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டவர் சொன்னார். பொட்டலச் சோறு கொடுத்தவர் சொன்னார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கூலியை வாங்கிக்கொண்டு சொன்னார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினோரு வயது. எனக்கு மட்டுமல்ல, என் அம்மாவுக்கும் இது கண்ணால் பார்த்தேயிராத நாடு. அவள் பிறந்தது, படித்தது, கழுத்தை நீட்டியது எல்லாம் ரங்கூனில். அங்கே பர்மியர்கள் எங்களைக் 'களா' என்பார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் என்று பொருள். இங்கே வந்ததும் 'பர்மாக்காரங்க' ஆனோம். யாராவது எங்களை எங்கேயாவது உள்ளூர்க்காரர்கள் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது எரிச்சலாக வரும்.

அப்பாவுக்குப் பம்மலில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. குரோம்பேட்டையில் வாடகைக்கு ஓர் இடமும் கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக மூன்று வீடுகள். முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா, நடுவில் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வாத்தியார், கடைசியில் நாங்கள். பின்னால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிணறு. வீட்டுக்காரம்மாவின் குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சமிருந்த துண்டில் இந்த வீடுகளைக் கட்டியிருந்தார்கள். அந்தம்மா கிணற்றடியில் நின்று பேசினால் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவன் திரும்பிப் பார்ப்பான். கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும் என்பதால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று அவர் அளந்துதான் விடுவார். காலையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, யார் கயிற்றில் கை வைத்தாலும் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு அந்த ஊர் சீக்கிரமே பிடித்துப்போனது. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காற்று பம்மல் பக்கமிருந்து திரும்பினால் தோல் நாற்றம் குடலைப் புரட்டும். அது அடங்கியதும் யார் வீட்டிலோ கருவாடு வறுக்கிற வாசனை வரும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்குமேல் போகும்போது வகுப்பில் டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அது போன பிறகு மீதியைச் சொல்வார். மின்சார ரயிலின் ஊதலை வைத்து அப்பா வரப்போகிறார் என்று கண்டுகொள்வேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால் ஆட்டுக்குட்டி முதல் ஆணி வரை எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இப்போது அந்த வழியாகப் போனால் எனக்குத் திசையே புரிவதில்லை. ஆனாலும் குரோம்பேட்டை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் என் மனம் அந்தக் கிணற்றடிக்குத்தான் போகிறது.

அம்மாவுக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. ரங்கூனில் கடைத்தெருவில் நாலு பேரை நிற்க வைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள், இங்கே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். பல்லாவரம் சந்தையில் ஙாப்பி கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். அது என்ன என்று கடைக்காரன் கேட்க, அழுகவைத்த மீன் விழுது என்று இவள் விளக்க, அவன் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டான். அதோடு சந்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கிணற்றடியில் தன் பங்குக் குடங்களை நிரப்பிக்கொண்டு தலை நிமிராமல் வந்துவிடுவாள். வீட்டுக்காரம்மா விடமாட்டார். "இன்னாம்மே, வாய பர்மாவுலயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்பார். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்துவாள். அழுவாள் என்று நினைத்துப் பின்னாலேயே போவேன். அழவும் மாட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். வட மதராஸில், வியாசர்பாடிப் பக்கம், எங்களைப் போலத் திரும்பி வந்தவர்கள் கூட்டமாகக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் கூட வந்த ஒரு குடும்பமும் அங்கே இருந்தது.

"அங்க போயிடலாம். பர்மா பாஷை தெரிஞ்சவங்க நாலு பேராவது இருப்பாங்க. இங்க இருந்தா எனக்குப் பேசவே மறந்துடும்."

அப்பா தினமும் அங்கிருந்து பம்மலுக்கு வந்து போவது பெரும்பாடு. எனக்குப் பள்ளிக்கூடம் மாறவேண்டும். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மாவை இப்படிப் பாக்க என்னால முடியல" என்றார். சித்திரை பிறந்த மறுநாள் வியாசர்பாடிக்குப் போய் வீடு பேசி முடித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வருஷப் பிறப்பன்று காலையில் அம்மா வழக்கத்துக்கு மாறாகச் சுறுசுறுப்பாக இருந்தாள். வடை, பாயசம் முடிந்ததும் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத் தேய்த்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். அதில் ஒரு கொத்து நாவல் இலையைப் போட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சித்திரை பிறக்கிற அதே நாட்களில்தான் பர்மாவில் தண்ணீர்த் திருவிழா. தெருவே திரண்டு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும். பழைய வருஷத்து அழுக்கும் மனத்தாங்கலும் அதோடு போய்விடும் என்பார்கள். பெரியவர்கள் என்றால் மரியாதையாகப் பின்னாலிருந்து தோளில் மெதுவாக ஊற்றவேண்டும்.

"யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"போறதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட மனசுல ஒண்ணும் வச்சுக்காம போகணும். என்னதான் கத்தினாலும் அவங்க கிணத்துத் தண்ணியத்தானே குடிச்சோம்" என்றாள்.

இங்கே இந்த வழக்கம் இல்லையே என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. எனக்கும் தோன்றவில்லை. வருஷம் பிறந்தால் உலகம் முழுக்க மனிதர்கள் நனைவார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரம்மா கோயிலுக்குப் போய்விட்டு, புதுச்சேலை மொடமொடக்க வந்தார். கிணற்றடியில் குடத்தை எடுக்கக் குனிந்தார். அம்மா பின்னால் போய் நின்று, ஏதோ வாய்க்குள் முணுமுணுத்து, கிண்ணத்தைத் தோளில் சாய்த்தாள். குனிந்திருந்த உடம்பில் தோள் எது, கழுத்து எது? மொத்தத் தண்ணீரும் பின்னங்கழுத்தில் விழுந்து, கொண்டைப் பூவை நனைத்து, முகத்தில் வழிந்தது.

அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நடுவீட்டு வாத்தியார் கையில் பேப்பரோடு வெளியே வந்தார். பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா சாவுத் தண்ணி ஊத்துறியா? கோயிலுக்குப் போய்கினு வர்றவ தலைல தண்ணிய ஊத்துறியே, அறிவு கீதா உனக்கு? என்னைத் தலமுழுவலாம்னு பாத்தியா? நானு உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

அம்மா காலி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போகவில்லை.

"கெடுதல் இல்லக்கா, சத்தியமா இல்ல. எங்க ஊர்ல இன்னிக்கு வேண்டியவங்க மேல தண்ணி ஊத்துவோம். நனையாம வீட்டுக்குத் திரும்புறவங்களைப் பாத்தாப் பாவமா இருக்கும். அவங்களுக்கு யாருமே இல்லைன்னு அர்த்தம்."

வீட்டுக்காரம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தார்.  இன்றைக்கே காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப உம் மேல யாரு ஊத்துனது?"

அம்மா தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அது காய்ந்துதான் இருந்தது.

"எனக்கு இங்க யாருக்கா இருக்கா?" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மா கிணற்றில் வாளியை விட்டார். கயிறு வெகுநேரம் இறங்கியது. கோடைக் கிணறு, அரை வாளிதான் ஏறும். இன்னொரு முறை விட்டு, வாளி நிறையும்வரை அலசி அலசி இழுத்தார். தூக்கிக்கொண்டு வந்து, தோளாவது மரியாதையாவது, அம்மாவின் உச்சந்தலையில் கவிழ்த்தார்.

"இந்தா. போதுமா? இன்னும் வேணுமா?"

அம்மா மூச்சுத் திணறி, கண்ணைத் துடைத்து, சிரித்தாள். ரங்கூன் கடைத்தெருவில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு நானும் பாதி நனைந்திருந்தேன்.

 மறுநாள் காலையில் அப்பா சொன்னபடியே சட்டை போட்டுக்கொண்டு, குடையும் கையுமாக வியாசர்பாடிக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் சத்தம் கேட்டது.

"நேத்து ஒரு வாளி முழுசா உன் தலைலதான் ஊத்துனேன். அது உன் கணக்கு. இன்னிக்கு ஒரு கொடம் கம்மி, ஆமா!"

"அது எப்படிக்கா? ஊத்துனது நீங்க. என் கணக்குல எப்படி வரும்? நான் ஊத்துனது என் வீட்டுக் குடத்துலேர்ந்து எடுத்த தண்ணி!"

"கெணறு யாருதும்மே?"

"கிணறு உங்களுதுதான், நான் இல்லைங்கல. அதுக்காக நியாயம் இல்லையா? இன்னிக்கு ஒரு குடம் குறைப்பீங்க, நாளைக்கு ரெண்டு குறைப்பீங்க. ஐப்பசி மழை பெய்யிற வரைக்கும் நான் என்ன பண்றது? மழை வர்ற வரைக்கும் எனக்கு ஒரு குடம் குறையக்கூடாது, சொல்லிட்டேன்!"

அம்மாவின் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. அப்பா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வியாசர்பாடிக்குப் போகலையாப்பா?"

"உங்கம்மா ஐப்பசி வரைக்கும் தண்ணி கேக்குறா. காதுல விழல?"

 கிணற்றடியில் சண்டை ஓய்ந்தபாடில்லை.